போர்ட் பச்சையா எரியுது, ஆனா ஒண்ணும் போகல: உங்களுக்கும் நடந்திருக்கா?

ஸ்லிப்கவுண்டர்
ரொம்ப வருஷம் ஆச்சு, இன்னும் மண்டைய விட்டு போக மாட்டேங்குது. ரெண்டு வான் (WAN, தூர நெட்வொர்க்) ஸ்விட்ச், ஒரே பில்டிங்ல வேற வேற மாடி, நடுவுல ஒரு ஈ1 (E1, ரெண்டு மெகாபிட் டிஜிட்டல் லைன்), நாங்களே இழுத்த கேபிள், கேரியர் யாரும் கிடையாது. செட்டிங் எல்லாம் ஒத்துப் போகுது: ஃப்ரேமிங் ரெண்டு பக்கமும் சிஆர்சி4 (எரர் செக்கோட), லைன் கோடு எச்டிபி3, போர்ட் அப், ஒரு அலாரம் இல்ல. ஸ்லிப் (ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு கட்டு டேட்டா, தொலஞ்சு போறது இல்ல ரெண்டு தடவ வர்றது) மட்டும் ஆறு செகண்டுக்கு ஒண்ணு ஏறிட்டே இருக்கு. சும்மா இருக்கும், திடீர்னு ஒண்ணு கூடும், மறுபடி சும்மா. அத பாத்துக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்தேன். கேபிள மூணு தடவ மாத்தி கிரிம்ப் பண்ணேன், போர்ட்ட மாத்துனேன், கிரவுண்டிங்க கூட சந்தேகப்பட்டேன். காலைல சீனியர் வந்தார், தோள்ல இருந்த பைய கூட இறக்கல, "க்ளாக் யார்றா குடுக்குறா?"ன்னு கேட்டார். ரெண்டு பக்கமும் இன்டர்னல்! பிட்டுக்கு தாளம் போடற க்ளாக்க ரெண்டும் தனித்தனியா தானே ஓட்டிட்டு இருக்கு. ஒரு பக்கம் லைன்னு, அதாவது வர்ற சிக்னல்ல இருந்தே க்ளாக் எடுத்துக்கோன்னு மாத்துனேன், கவுண்டர் நின்னுச்சு. நாலாயிரத்து எழுநூத்திச் சொச்சம். அவர் ஒண்ணும் சொல்லாம டீ குடிக்க போயிட்டார், திட்டியிருந்தா கூட பரவால்ல.

லூப்பிளக்
என்னோடது இத விட கேவலம். ஆர்ஜே45 தலைய வெட்டி 1-4, 2-5 பின் வயர முறுக்கி நாமளே பண்ணிக்குவோமே லூப் பிளக் (அனுப்புறத நமக்கே திருப்பி விடும்), அத பேட்ச் பேனல்ல என் ஸ்விட்ச் பக்கமா சொருகி டெஸ்ட் பண்ணிட்டு அப்படியே கான்ஃபிக்ல உக்காந்துட்டேன். லைன் அப், புரோட்டோகால் அப், என் ஐபிக்கு நானே பிங் அடிச்சா பதில் வேற வருது (இந்த மாதிரி சீரியல் லைன்ல சொந்த ஐபி பிங்கும் லைன்ல போயிட்டுதான் வரும், அதனால ரொம்ப நம்பிக்கை). அந்த முனையில ஒரு புதுப் பையன், போன்ல "சார் இங்க சிகப்பாதான் இருக்கு, சிக்னலே வரல"ங்கறான். நான் "இங்க பச்சை, உன் பக்கம்தான் தப்பு, கேபிள பாரு"ன்னு ஒரு மணி நேரம் அவன வறுத்தெடுத்தேன். கடைசியா பேனா எடுக்க பாக்கெட்ல கை விட்டேன். சாவி இருக்கு, லூப் பிளக் இல்ல.

அந்த ஒரு செகண்ட் இருக்கே... ஸ்கிரீன்ல 'அப்'க்கு பக்கத்துல 'லூப்ட்'னு எழுதியே இருந்துச்சுங்க, முதல் வார்த்தையோட படிக்கறத நிறுத்திட்டேன்.

ஃப்ரேம்_மாமா
@ஸ்லிப்கவுண்டர் 'லைன்னு மாத்துனேன் சரியாச்சு'ன்னு மொட்டையா எழுதாதீங்க, நாளைக்கு ஒருத்தன் இத படிச்சுட்டு ரெண்டு பக்கமும் லைன் போட்டுருவான். அவன் இவன பாப்பான், இவன் அவன பாப்பான், ரெண்டும் சேந்து எங்கயோ மிதந்து போகும். அது இன்டர்னல்-இன்டர்னல விட மோசம், ஏன்னா சில சமயம் நாள் கணக்கா ஒழுங்கா ஓடும். அப்புறம் ஆறு செகண்டுக்கு ஒண்ணுங்கறதிலயே பதில் இருந்துச்சே. ஒரு ஃப்ரேம் 125 மைக்ரோசெகண்ட், அத ஆறு செகண்டால வகுத்தா ரெண்டு க்ளாக்குக்கும் வித்தியாசம் 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) சொச்சம். ஈ1க்கு ஒவ்வொரு பக்கமும் 50 பிபிஎம் வரைக்கும் அனுமதி, அதனால ரெண்டு க்ளாக் கிரிஸ்டலும் எதிரெதிர் எல்லையில இருந்தா 1.25 செகண்டுக்கே ஒண்ணு விழும். கேபிள் தப்புன்னா இப்படி தாளம் போட்ட மாதிரி ஏறாது, கன்னாபின்னான்னு ஏறும், கூடவே சிஆர்சி எரரும் வரும். எல்லாரும் முதல்ல க்ளாக் சோர்ஸ பேப்பர்ல வரைங்க, மாஸ்டர் எது, அது செத்தா அடுத்தது எதுன்னு. 75 ஓம் கோஆக்ஸும் 120 ஓம் ட்விஸ்டட் பேரும் கலந்த இடத்துல பாலன் (balun, ரெண்டையும் பொருத்தி விடற அடாப்டர்) போடுங்க, ஷீல்ட ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணுங்க. கேபிள கை வைக்கறது கடைசி வேலை, முதல் வேலை இல்ல.

என் அனுபவமா? ஈத்தர்நெட் கிராஸ் கேபிள ஈ1ல சொருகிட்டு அரை நாள் முழிச்சேன். அவ்ளோதான்.

வி35_பாவம்
கேபிள் கடைசியாமா! மாமா, உங்க சொந்தக் கதையே கேபிள்தானே :)

எனக்கு நடந்தது வி.35 (V.35, பழைய சீரியல் கேபிள் வகை). அந்த 34 பின் கனெக்டர், கட்டை மாதிரி இருக்குமே, அதான். கான்ஃபிக் முடிஞ்சு லிங்க் வந்து எல்லாம் ஓடுது, கேபினெட் கதவ சாத்திட்டு கிளம்புறேன், லிப்ட்டுக்கு போறதுக்குள்ள போன், லிங்க் டவுன்னு. திரும்பி வந்து கதவ திறந்தா லிங்க் அப். லாக் பாத்தேன், கிளம்புனேன், மறுபடி டவுன். மூணாவது தடவதான் கதவ பாதி சாத்தி எட்டிப் பாத்தேன், கதவு கேபிள தள்ளுது, கனெக்டர்ல ரெண்டு ஸ்க்ரூல ஒண்ணுதான் முறுக்கியிருக்கு, அது சாஞ்சு சாஞ்சு வெளிய வருது. முறுக்காம விட்டது நானேதான், ஸ்க்ரூடிரைவர் கீழ போட்டுட்டு எடுக்க சோம்பேறித்தனம். இதுக்கு பேப்பர்ல க்ளாக் வரைஞ்சு என்ன பண்ண?

ஸ்லிப்கவுண்டர்
@ஃப்ரேம்_மாமா கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி மூணு மணிக்கு 125ஐ ஆறால வகுக்கணும்னு எவனுக்கு தோணும் சொல்லுங்க, எனக்கு தோணுனதெல்லாம் கிரிம்பிங் டூல்தான்.

@லூப்பிளக் அந்தப் பையன்கிட்ட உண்மைய சொன்னீங்களா?

லூப்பிளக்
இல்ல. பிளக்க பிடுங்கி கேபிள சொருகுனதும் அவன் பக்கம் பச்சை வந்துருச்சு, அவன் சந்தோஷமா "சார் கேபிள நல்லா அமுக்கி விட்டேன், வந்துருச்சு"ன்னான். நான் "ம், இனிமே பாத்து பண்ணு"ன்னு சொல்லி போன வச்சுட்டேன்.