அலபாஸ்டர் கிண்ணத்தைப் புளி போட்டு விளக்கினால்?

இத்தாலியின் வோல்ட்டெராவில் ஆசைப்பட்டு வாங்கிய கிண்ணம். மாமியார் அதைப் புளியும் தேங்காய் நாரும் கொண்டு விளக்கி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவும் வைத்துவிட்டார். பளபளப்பு போய்ச் சுண்ணாம்புக் கட்டி போல நிற்கிறது. இது பளிங்கா, வேறு கல்லா?

மறுமொழி 1:
அடிப்பாகத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் ஜிப்சம் என்ற மென்மையான கனிமம்; பளிங்கு இல்லை. எகிப்தியர்கள் துட்டன்காமனின் உள்ளுறுப்புப் பேழைக்குப் பயன்படுத்தியது வேறு; அது கால்சைட் என்ற கனிமம், நகத்துக்கு மசியாது, அமிலம் பட்டால் நுரைக்கும். இரண்டுக்கும் அலபாஸ்டர் என்று ஒரே பெயர் வைத்துக் குழப்பிவிட்டார்கள்!

கேட்டவர்:
கீறல் விழுந்துவிட்டது. மாமியாரிடம் சொல்லவில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் புளியைவிட நாரும் தண்ணீரும்தான் குற்றவாளிகள். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 கிராம் கரையும். இனி உலர்ந்த மென்துணி போதும். உள்ளே மெழுகுவர்த்தியும் வேண்டாம். சூட்டில் கல்லிலுள்ள நீர் வெளியேறி வெளுத்துவிடும். மெருகை ஒரு கல்தச்சர் மீட்டுத் தரலாம்.

மறுமொழி 3:
தமிழ் வேதாகமத்தில் பரிமளதைலம் இருந்த 'வெள்ளைக்கல் பரணி'யும் அலபாஸ்டர்தான்; எந்த வகை என்று தெரியாது. ஆனால் அந்த வெள்ளை சுண்ணாம்பு வெள்ளை அன்று, பால் ஆடையின் வெள்ளை. பெயின்ட் கடை அட்டையில் 'அலபாஸ்டர்' என்று பார்த்து என் வரவேற்பறைக்கு அடித்தேன். கல்லில் ஒளி ஊடுருவும், சுவரில் எங்கே ஊடுருவும்? இத்தாலியின் ராவென்னாவில், கல்லா பிளாசிடியா என்ற ரோமப் பேரரசியின் பெயரிலுள்ள கல்லறையின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அலபாஸ்டர்தான்.