தெருப்பூனைகளின் தட்டில் எறும்பு மொய்க்கிறது: மருந்து போடாமல் தடுக்க வழி உண்டா?

கேள்வி (விளாங்குடியிலிருந்து)

வணக்கம். எங்கள் கொல்லைக்குச் சில தெருப்பூனைகள் வழக்கமாக வருகின்றன. காலையில் மீன் தலையை வேகவைத்துப் பிசைந்த சோறும், மாலையில் கடையில் வாங்கும் உலர் தீனியும் வேப்பமரத்தடியில் ஓர் அலுமினியத் தட்டில் வைக்கிறேன். எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை; கூச்சமுள்ள தாய்ப்பூனை ஒன்று மற்றவை போன பிறகுதான் மதிலிலிருந்து இறங்கும், அதற்குள் தட்டு முழுவதும் எறும்பாகிவிடும். பிள்ளையார் எறும்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இவை கடிக்கும் செவ்வெறும்புகள் என்பதால், பூனை வாய் வைத்ததும் தலையை உதறிக்கொண்டு ஓடிவிடுகிறது. மஞ்சள் தூளைச் சுற்றித் தூவினால் காற்றில் கலைந்துவிடுகிறது. எறும்புச் சாக்பீசால் வட்டம் போடும்படி பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். அதனால் பூனைக்குக் கேடு வருமா?

பதில் (திருநகரிலிருந்து)

சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அதில் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை நஞ்சு. அவ்வகை நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு என்பதால், நாய் தாங்கிக்கொள்ளும் அளவுகூடப் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். கோட்டை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்குவது பூனையின் இயல்பு. கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவையும் பூனைக்கு ஆகாதவைதாம். வீட்டில் இருக்கும் பொருள் என்பதற்காக அவற்றைத் தெளித்துவிடாதீர்கள்.

பழைய வீடுகளில் சமையலறை அலமாரியின் கால்களுக்கு அடியில் நீர் ஊற்றிய கிண்ணங்களை வைப்பார்கள் அல்லவா, அதே முறை இங்கும் பயன்படும். அகலமான பூந்தொட்டித் தட்டில் நீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் உணவுத் தட்டை வையுங்கள். உணவுத் தட்டின் விளிம்பு வெளித்தட்டின் விளிம்பைத் தொடாமல், சுற்றிலும் இரண்டு அங்குல நீராவது இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. அப்படியே வைத்தேன். முதலில் எறும்பு வரவில்லை. பிறகு மறுபடியும் ஏறிவிட்டது. நீர் வற்றவும் இல்லை. எப்படிக் கடக்கின்றன என்று புரியவில்லை.

பதில் (ஒத்தக்கடையிலிருந்து)

வேப்பமரத்தடி என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதுவாகத்தான் இருக்கும். உதிர்ந்த இலைக்காம்பு ஒன்று நீரின் குறுக்கே விழுந்தாலே அது எறும்புக்குப் பாலம். பங்குனியில் மரம் இலையுதிர்க்கும்போது கேட்கவே வேண்டாம். நீரின்மேல் படியும் தூசியும் மீன் எண்ணெயும் ஏடுபோல நிற்பதால், எடை குறைந்த எறும்புகள் மூழ்காமல் நடந்துவிடும். ஆகவே தட்டை மரநிழலிலிருந்து நகர்த்தித் தாழ்வாரத்தில் வையுங்கள். நீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். மாநகராட்சிப் பணியாளர் வந்து பார்த்தால் உங்களிடம்தான் கேட்பார்.

நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் எறும்பு மூழ்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தாகம் எடுத்த பூனை அந்த நீரையே குடிக்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

கடைசியாக ஒன்று: எறும்புகள் தரையில் விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தைப் பின்பற்றித்தான் வரிசையாக வருகின்றன. பழைய இடத்தையும் அங்கிருந்து செல்லும் வரிசையையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு வெறும் நீரால் அலசிவிடுங்கள். இதைச் செய்யாமல் தட்டை மட்டும் நகர்த்தினால், பழைய தடத்தில் வரும் கூட்டம் பக்கத்தில் இருக்கும் புதிய இடத்தையும் விரைவில் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

தாழ்வாரத்துக்கு மாற்றிய பிறகு எறும்பு ஏறவில்லை. போராக்ஸ் எனப்படும் வெங்காரத்தைச் சர்க்கரையில் கலந்து வைத்தால் புற்றே அழிந்துவிடும் என்கிறார்களே, அது சரிவருமா?

பதில் (திருநகரிலிருந்து)

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. ஆகவே சர்க்கரைப் பொறியை அது விரும்பித் தின்ன வாய்ப்புக் குறைவு. ஆனால் உங்கள் எறும்புகள் வருவது மீனைத் தேடி. சர்க்கரையை அவை பொருட்படுத்தாமல் போகலாம். அதற்காக வெங்காரத்தை மீனிலோ நெய்யிலோ கலந்தால் முதலில் தின்பது பூனையாகத்தான் இருக்கும். எனவே அந்த யோசனையை விட்டுவிடுங்கள். அதைவிட, மீன் சோற்றை அரை மணி நேரத்துக்குமேல் வெளியில் விடாமல் எடுத்துவிட்டு, தாய்ப்பூனை வரும் நேரத்தில் கொஞ்சம் தனியாக வையுங்கள். உலர் தீனி மட்டும் நீர்த்தட்டின் நடுவில் இருக்கட்டும். புற்று எங்கே என்று தெரிந்து கொதிநீர் ஊற்றுவதாக இருந்தால், அது வேப்பமரத்தின் வேரை ஒட்டி இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.