ஆமிக்கு விரும்பிச் சேர்ந்த ஆக்களோடை கதைச்ச அனுபவம் இருக்கோ?

மாங்குளத்தான்:
நான் ஏ9 றோட்டுக் கரையிலை சைக்கிள், மோட்டச்சைக்கிள் திருத்திற கடை வைச்சிருக்கிறன். மீளக் குடியேறின கையோடை தகரக் கொட்டிலிலை தொடங்கினது. அப்ப ஒட்டுப் போட வாறதிலை பாதிப்பேர் ஆமிக்காரர்தான், எங்கடை சனத்திட்டை சைக்கிளே இல்லை, எல்லாம் முள்ளிவாய்க்கால் கடைசிச் சண்டையோடை போட்டுது. அதிலை ஒரு பெடியன், மொனராகலைப் பக்கம், இருபத்திரண்டு வயசிருக்கும். கிழமைக்கொருக்கா வருவான், ரியூப்பிலை காத்துப் போயிருக்காது, சும்மா வந்து குந்தியிருப்பான். அவன்ரை தமிழும் என்ரை சிங்களமும் ஒரே தரம். ஏன்ரா தம்பி இதுக்கு வந்தனீ எண்டு ஒருநாள் கேட்டன். நாட்டுக்காக எண்டு சொல்லுவான் எண்டுதான் நினைச்சன், ரிவியிலை அப்பிடித்தானே போட்டவங்கள். அவன் சொன்னது யானைக்கதை. தேப்பன்ரை சோளத் தோட்டத்துக்குள்ளை யானை இறங்கி ஒரு போகம் முழுக்க அழிச்சுப்போட்டுதாம், விதைக்கு வாங்கின கடன் அப்பிடியே நிண்டுதாம், இவன் ஓலெவல் சோதனையும் பெயில், ஊரிலை முதல் சேர்ந்த ஒருத்தன் லீவிலை வந்து வீடு கட்ட எண்டு வாசலிலை ஒரு லோட் கல் இறக்கினவனாம், அதைப் பாத்துட்டு அடுத்த மாசமே போய்ப் பேர் குடுத்ததாம். 22 வருசம் நிண்டால் பென்சன், அப்ப எனக்கு 41 எண்டு விரல் மடக்கிக் காட்டினான். சேரேக்கை பயமில்லையோ எண்டால், சண்டை எந்தப் பக்கம் நடக்குதெண்டே வடிவாத் தெரியாது எண்டான்.

எனக்குச் சரியான கோபம். நாங்கள் பட்டது என்ன, இவன் யானையாலை வந்து நிக்கிறான். ஆனா அண்டைக்குக் காத்தடிச்சதுக்குக் காசு வாங்கேல்லை, ஏனெண்டு கேட்டால் சொல்லத் தெரியாது.

உங்களுக்கும் இப்பிடி இருந்தால் எழுதுங்கோ. அடிபாடு வேண்டாம்.

விசுவமடு அக்கா:
அண்ணை, என்ரை சித்தியின்ரை மகளைப் பற்றிச் சொல்லுறன். 2008இலை வீட்டுக்கொராள் எண்டு புலிகள் இயக்கம் சண்டைக்குப் பிடிக்கேக்கை அவளுக்கு 17 வயசு. சண்டை முடிய அரசாங்கத்தின்ரை புனர்வாழ்வு முகாம். வெளியிலை வந்தால் வேலை இல்லை, எங்கை இருந்து வந்தவள் எண்டு அறிஞ்சால் கடைக்காரரும் பின்னடிச்சினம். குழுக்கடன் எடுத்து மாடு வாங்கினாள், மாடு செத்துப்போச்சு, கடன்காரர் மட்டும் கிழமை தவறாமல் படலையிலை. கடைசியா சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணையிலை சேர்ந்தாள். தோட்ட வேலைதான், ஆனா பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழை, மாசம் முடிய பாங்கிலை சம்பளம் விழும், கார்மென்ட்சை விடக் கூட. ஊர் சும்மா விடுமோ, முதல் அந்த உடுப்பு இப்ப இந்த உடுப்பு எண்டு கதைச்சுது. நான் ஒருக்கா அவளுக்காகப் பரிஞ்சு, இது நீயா விரும்பிப் போன வேலைதானே எண்டன். போம் நிரப்பினது நான்தான் அக்கா, நிரப்பாமல் விட வேறை என்ன இருந்தது சொல்லுங்கோ எண்டு கேட்டாள். வாயடைச்சுப் போனன்.

2018இலை அந்தப் பண்ணையளுக்குப் பொறுப்பா இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போகேக்கை விசுவமட்டிலை சனம் அழுத வீடியோ பாத்திருப்பியள். அதிலை இவளும் நிண்டவள். வெளிநாட்டிலை இருந்து திட்டினவை கனபேர். சம்பளத்துக்காக அழுதது எண்டு நான் இப்பவும் நினைக்கிறன், அவள் இல்லையெண்டுறாள், எங்களை மனுசரா மதிச்சுக் கதைச்ச ஆள் எண்டுறாள்.

குருமன்காட்டான்:
இலங்கை ஆமி கட்டாயத்துக்கு ஆரையும் எடுத்ததில்லை, பேப்பரிலை எல்லாரும் விரும்பி வந்தவைதான். தொண்டர் படை எண்டே ஒரு பிரிவு இருக்கு, 1881இலை வெள்ளைக்காரன் தொடக்கினது, பேருக்குத்தான் தொண்டு, சம்பளம் உண்டு. ரெண்டு லட்சத்துக்கு இருந்த ஆளணியை 2024இலை 135,000, 2030இலை ஒரு லட்சம் எண்டு குறைக்கப் போறம் எண்டு 2023 ஜனவரியிலை அறிவிச்சவை. ஆமியை விட்டு வந்த ஆக்கள் ஏஜென்டை நம்பி ரஷ்யா-உக்ரேன் சண்டைக்குப் போய்ச் செத்த கதை 2024இலை பேப்பர் முழுக்க வந்தது. பென்சனுக்குக் கணக்குப் பாத்த அந்த மொனராகலைப் பெடியன் எங்கை நிக்கிறானோ.

மாங்குளத்தான்:
தெரியாது தம்பி, 2013க்குப் பிறகு காணேல்லை.

சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்ச கதை ஒண்டு இருக்கு. என்ரை அக்காவுக்கு ரெண்டு பெடியள். 2007இலை மூத்தவனுக்கு 17, இயக்கம் பிடிச்சுக்கொண்டு போகும் எண்டு பின்வளவிலை கிடங்கு வெட்டி மேலை காவோலை போட்டு ஒளிச்சு வைச்சிருந்தவா, இரவிலை மட்டும் சோறு போகும். பிறகு கலியாணம் கட்டினால் விடுவினம் எண்ட கதை கேட்டு, அவசர அவசரமா தாலி கட்டி வைச்சது. (அந்தக் கலியாணம் இப்பவும் ஓடுது, மூண்டு பிள்ளையள், லொறி ஓடுறான்.) இளையவனைக் கூட்டிக்கொண்டு அக்கா பிறகு லண்டன் போட்டா. 2021இலை அவனுக்கும் 17 ஆச்சு. ஒருநாள் போம் ஒண்டைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சு, சைன் வையுங்கோ அம்மா எண்டானாம். பிரிட்டிஷ் ஆமி. அங்கை கட்டாயமா எடுக்கிறதை 1960ஓடை நிப்பாட்டிட்டாங்கள், ஆனா 16 வயசிலையே விரும்பிச் சேரலாம், 18க்குக் கீழை எண்டால் பெற்றார் சம்மதம் வேணும்.

அக்கா வட்ஸப்பிலை எடுத்து ஒரே அழுகை. கிடங்கு வெட்டின கையாலை சைன் வைக்கச் சொல்லுறியோ எண்டு அவனைக் கேட்டவாவாம், அவனுக்கு அந்தக் கிடங்கே ஞாபகமில்லை, மூண்டு வயசு. நான் அவனோடை கதைச்சன். படிப்பு ஏறேல்லை மாமா, என்ஜின் வேலை பழக்குவாங்கள், லைசென்ஸ் எடுத்துத் தருவாங்கள், இந்த பிளட்டுக்குள்ளை இருந்து மூச்சு முட்டுது எண்டான். ராணி, நாடு, கொடி ஒண்டும் அவன்ரை வாயிலை வரேல்லை. அக்கா சைன் வைக்கேல்லை. 18 ஆன கையோடை தானே போய்ச் சேர்ந்திட்டான். பயிற்சி முடிஞ்ச அண்டு எடுத்த படம் வந்தது, அவன் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறான், பக்கத்திலை அக்கா காஞ்சிபுரம் உடுத்துக்கொண்டு.

அம்மாவுக்கு 84 வயசு, அவவுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது. போனிலை படத்தைக் காட்டி, பேரன் லண்டன் ஆமியிலை சேர்ந்திட்டான் அம்மா எண்டன். கன நேரம் பாத்தா.

“ஆர் வந்து பிடிச்சது?”

“ஒருத்தரும் பிடிக்கேல்லை அம்மா, அவனாத்தான் போனவன்.”

“அப்ப அங்கையும் வீட்டிலை சாப்பாட்டுக்குக் கஷ்டமோ?”