நடுவர் தேர்வில் விதிப் புத்தகத்தை அனுமதிக்கலாமா?

நண்பர்களே, எங்கள் வட்டாரக் கால்பந்து நடுவர்களின் எழுத்துத் தேர்வுக்கு இம்முறை நான்தான் வினாத்தாள் தயாரிக்கிறேன். புத்தகத்தைப் பார்த்தே எழுதட்டும் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன ஞாயிறு, த்ரோ-இன் பந்தை, அதாவது பக்கக்கோட்டிலிருந்து கையால் எறிந்த பந்தை, நேராக வாங்கிய வீரனுக்கு ஆஃப்சைடு (எதிரணிக் கோல் பக்கம் விதியை மீறி முன்னேறி நிற்பது) என்று கொடியை உயர்த்திவிட்டார் ஒரு புது உதவி நடுவர். அது குற்றமே அல்ல என்று 11ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. மைதானத்தில் புரட்டிப் பார்க்க நேரம் ஏது? அந்தப் பையன் முகம் வாடி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ஆனால் 17 விதிகளையும் மனப்பாடம் செய்தவர்கள்கூட, பெனால்டி பகுதிக்குள் கோல் வாய்ப்பைத் தடுத்தால் எப்போது மஞ்சள் அட்டை (எச்சரிக்கை), எப்போது சிவப்பு அட்டை (வெளியேற்றம்) என்பதில் தடுமாறுகிறார்கள். அதற்குப் புத்தகத்தோடு உட்கார்ந்து யோசிப்பதே நல்லதோ என்றும் தோன்றுகிறது.

இப்படித் தேர்வு நடத்தியவர்கள் எத்தனை கேள்விக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்? பழைய வினாத்தாள் ஒன்று கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.