கீழ்த்தாடையில் கல் மாதிரி வீக்கம்: கீறலாமா?

மலைக்கொட்டில் (கோத்தகிரி):
ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, நாலு மாதச் சினை. எடை 350 கிலோ இருக்கும். இடது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு நேராக வீக்கம். எலுமிச்சை அளவில் இருந்தது ஆறு வாரத்தில் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வலி காட்டவில்லை. வைக்கோலை மென்று உருண்டையாக வெளியே தள்ளுது, கேரட் தழைன்னா தின்னுது. சூடு போடச் சொல்றாங்க. கீறிவிடலாமா?

ஊசிமுனை:
ரெண்டும் வேண்டாம். முதல்ல வீக்கத்தை விரலால் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. தோலுக்கடியில் நகர்ந்தா நிணநீர்க் கட்டியோ சாதாரணச் சீழ்க்கட்டியோ. எலும்போட ஒட்டி அசையாம இருந்தா தாடை எலும்புக்குள்ளேயே கிருமி. ரெண்டு தாடைக்கும் நடுவில் மெத்துன்னு தொங்கி, அழுத்தினா குழி விழுந்து, மேய்ச்சல் முடிஞ்சு வரும்போது பெருத்து காலையில் வற்றினா அது நீர். சதுப்பு நிலத்தில் மேயும் மாட்டுக்குக் கல்லீரல் புழு இருக்கான்னு சாணி பார்க்கணும். மூணுக்கும் வைத்தியம் வேற.

மலைக்கொட்டில்:
துளிகூட அசையலை அண்ணா.

ஊசிமுனை:
அப்போ ஆக்டினோமைசிஸ் போவிஸ் என்ற கிருமியைத்தான் முதல்ல சந்தேகப்படணும். வாயிலேயே குடியிருப்பது அது. முள்ளோ, வைக்கோல் சுணையோ, பல் முளைக்கும்போது ஈறில் விழும் பிளவோ வழி விட்டா உள்ளே இறங்கும். எலும்பு அரிச்சு, அரிச்ச இடத்தில் புது எலும்பு கட்டி, தேன்கூடு மாதிரி ஆகும். அந்தக் கூட்டைக் கத்தியால் கீறினா ரத்தம்தான் வரும், சீழ் முழுசா வடியாது. உருண்டையா தள்ளுதுன்னா கடைவாய்ப்பல் ஆடுதான்னும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.

தானா உடைஞ்சு சீழ் வந்தா கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு அலசுங்க. மஞ்சள் மணல் மாதிரி பருக்கைகள் அடியில் தங்கும். அதை டாக்டரிடம் கொடுத்தா நசுக்கி, சாயம் ஏற்றிப் பார்த்துடுவார்.

தழைக்கட்டு:
சோடியம் அயோடைடு போட்டா சரியாகாதா?

ஊசிமுனை:
வழக்கமான மருந்துதான். கிலோவுக்கு 70 மில்லிகிராம், ரத்த நரம்பில், மெதுவா. 350 கிலோவுக்கு 24.5 கிராம், 10 சதவீதக் கரைசல்னா 245 மில்லி. 7-10 நாள் கழித்து மறுபடி. நரம்பை விட்டு வெளியே கசிஞ்சா அந்த இடம் வெந்து வீங்கும், அதனால டாக்டர் கையால்தான். கண்ணில் நீர், மூக்கொழுகல், உடம்பில் தவிடு மாதிரி பொடுகு தெரிஞ்சா அயோடின் மிஞ்சிடுச்சு, நிறுத்திடணும்.

ஆனா இது சினை மாடு. கரு கலையும் அபாயம்னு மருந்து அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கும். பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் ஒரு வாரத்துக்குக் குறையாம போடலாமான்னு கேளுங்க. பால் எத்தனை நாள் கறந்து கொட்டணும்னு சீட்டில் எழுதி வாங்குங்க, சொசைட்டிக்கு ஊத்திடாதீங்க.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: வீக்கம் பழையபடி வற்றாது. வளர்றது நின்னா அதுவே வெற்றி.

தழைக்கட்டு:
எங்க எருமைக்குத் தாடை சரியா இருக்கு. நாக்குதான் தடிச்சு வெளியே நீட்டுது, எச்சில் கொட்டுது.

ஊசிமுனை:
வெறுங்கையை வாய்க்குள் விடாதீங்க. எச்சில் ஒழுகினா வெறிநோய், கோமாரி ரெண்டையும் விலக்கின பிறகுதான் மற்றது. 1962-க்கு அடிச்சு கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியை வரச் சொல்லுங்க. நாக்கு மரக்கட்டை மாதிரி விறைச்சிருந்தா ஆக்டினோபாசில்லஸ் கிருமியா இருக்கலாம். அது சதையில் வருவது, அயோடைடுக்கு ரெண்டு நாளிலேயே இளகும். அதுவரை தண்ணி, கஞ்சி.

மலைக்கொட்டில்:
டாக்டர் நாளைக் காலை வர்றார். தீவனத்தொட்டி மத்த மாடுகளுக்கும் ஒண்ணுதான்.

ஊசிமுனை:
சீழ் உடையலைன்னா அவசரமில்லை. உடைஞ்ச அன்றே தொட்டியைப் பிரிச்சிடுங்க. கீழேயிருந்து லாரியில் வர்ற வைக்கோலைச் சின்னதா வெட்டி, தண்ணி தெளிச்சு ஊற வெச்சுப் போடுங்க. கரடா போட்டா மத்த மாட்டு ஈறும் கிழியும்.