அரிசிம்பருப்புச் சாதத்தை விடாம எடை குறையுமாங்க?

திருப்பூர்க்காரன்:
பனியன் கம்பெனில செக்கிங் வேலைங்க. வயசு 41, எடை 86. சோறு, தானியமெல்லாம் விட்டுட்டு பேலியோ டயட் இருந்து 9 கிலோ குறைச்சேன். ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போய் ஒப்பிட்டுல (போளிதானுங்க) கை வெச்சதுதான், 11 கிலோவா திரும்பிருச்சு. அரிசிம்பருப்பு இல்லாம என்னால ஆகாதுங்க. வேற வழி?

பெருந்துறை அக்கா:
எதுக்குங்க தம்பி விடோணும்? அதைத் தின்னுட்டுத்தான் நான் 2 வருசத்துல 78-ல இருந்து 67-க்கு வந்தேன். டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போட்டதை அரை டம்ளர் ஆக்கினேன். தட்டுல பாதி சுரைக்காய்ப் பொரியல். வாரம் மூணு நாள் கொள்ளு கடைசல். அது கொழுப்பைக் கரைக்கும்ங்கறதெல்லாம் சும்மா; புரதமும் நாரும் இருக்கு, பசி தாங்குது, அவ்வளவுதான். என்னைக் கெடுத்தது எண்ணெய். செக்குல ஆட்டுனதுதானேன்னு தூக்கோட சரிச்சு ஊத்துவேன். மேசைக்கரண்டிக்கு 120 கலோரிங்க! இப்ப அளந்துதான்.

திருப்பூர்க்காரன்:
11 மணி டீயோட பன்னு வருதுங்களே அக்கா?

பெருந்துறை அக்கா:
டீ குடிங்க, சர்க்கரை பாதி. பன்னுக்குப் பதிலா வேகவெச்ச கடலைக்காய் ஒரு கை.

காங்கேயத்தான்:
ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு புரோட்டா கடைப்பக்கம் போறீங்களா? அதையும் சொல்லுங்க மாப்ள.

திருப்பூர்க்காரன்:
...வாரம் மூணு நாளுங்க.