ரஷ்ய அடுப்பில் புகைபோக்கியை எப்போது மூட வேண்டும்?

வெண்பனி:
ரஷ்யாவில் வோலக்தா பக்கம் ஒரு பழைய மரவீட்டில் குளிர்காலம் முழுக்கத் தங்கப் போகிறவர்களுக்காகக் கேட்கிறேன். செங்கல்லில் கட்டிய பெரிய பேச்கா, அதாவது ரஷ்ய அடுப்பு, இருக்கிறது. புகைபோக்கியைச் சீக்கிரம் மூடினால் உயிருக்கு ஆபத்து, தாமதித்தால் சூடு போய்விடும் என்கிறார்கள். சரியான நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலும் அதில்தானா?

மரக்கரி:
கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தணலைப் பாருங்கள். இந்த அடுப்பில் கம்பித் தட்டு கிடையாது. வளைவுக் கூரைக்குக் கீழே, செங்கல் தரையிலேயே விறகு எரியும். புகை வாய்ப்பக்கமாக வந்து மேலே ஏறும். குறைந்தது ஓராண்டு காய்ந்த பிர்ச் விறகு நல்லது. பற்றவைக்க அதன் பட்டையே போதும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் தணலாகிவிடும்.

தணலைக் கிளறிப் பரப்புங்கள். மேலே நீலச் சுடர் ஆடினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீலம் துளிகூட இல்லாமல், கங்கு சாம்பல் பூத்த பிறகுதான் மூட வேண்டும். பாதி எரிந்த கட்டை ஏதும் ஒளிந்திருந்தால் இரும்பு வாளியில் எடுத்துப் பனியில் கொட்டுங்கள். அது ஒன்று புகைந்தாலே போதும், வீட்டில் எல்லோருக்கும் ஆபத்து. பெரும்பாலும் ராத்திரி எரித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் மூடுவதில்தான் விபரீதம் நடக்கிறது. விடியற்காலையில் எரிக்கும் கிராமத்து வழக்கமே சரி.

வெண்பனி:
நன்றி. மூடிய பிறகு வாயு கசிந்தால் நாற்றம் வருமல்லவா?

மரக்கரி:
வராது. அதற்கு மணமே இல்லை. தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

சாம்பல்கிண்ணம்:
சமையல்தான் இதன் அழகு. எரிந்து முடிந்ததும் தணலை ஓரம் தள்ளி, தரையைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கள். உடனே கருகினால் ரொட்டிக்குச் சூடு அதிகம், பொறுக்க வேண்டும்; மெல்லப் பழுப்பானால் வைக்கலாம். ரொட்டி முதலில், சூடு இறங்கிய பிறகு முட்டைக்கோஸ் சூப்பும் கஞ்சியும். சுகுனோக் என்ற வார்ப்பிரும்புப் பானை அடியில் குறுகலாக இருக்கும். அதைத் தூக்க நீளக் கைப்பிடியுள்ள உக்வாத் கவை வேண்டும். மண்பானையில் பாலை வைத்து அடுப்பின் வாயை மூடிவிட்டால் மாலைக்குள் பழுப்பு ஆடை கட்டிவிடும்.

கொல்லன்:
எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பல மாதம் சும்மா கிடந்த அடுப்பை முதல் நாளே முழு விறகு போட்டு எரித்தால் செங்கல்லில் ஊறிய ஈரம் ஆவியாகி விரிசல் விடும். சில நாள் சிறு தீயாக எரியுங்கள். குளிர்ந்த புகைபோக்கியில் காற்று அடைத்து நிற்கும், புகை வீட்டுக்குள் திரும்பும். முதலில் கொஞ்சம் காகிதத்தைக் கொளுத்தி இழுவையை வரவழைக்க வேண்டும். விரிசல்களைக் களிமண்ணும் மணலும் குழைத்து அடையுங்கள்.

ரஷ்யத் தீயணைப்பு விதிப்படி சூடேற்றும் அடுப்புகளிலும் புகைபோக்கிகளிலும் படியும் புகைக்கரியைக் குளிர்காலம் தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவதும் அகற்ற வேண்டும். கடைசியில் ஆஸ்பென் விறகு எரித்தால் கரி போய்விடும் என்பார்கள். அதை நம்பித் துடைப்பத்தை விட்டுவிடாதீர்கள்.